எங்கள் போர்டில் இருக்கிற ஐந்து பெயர்கள் உங்கள் செயலியில் ஏன் இல்லை?

தமிழ்த் திரையிசையையும் தனியிசையையும் வெளியிடும் நிறுவனத்தாருக்கும், அதைக் கைப்பேசியில் கொண்டுவந்து கொடுக்கும் செயலிக்காரர்களுக்கும்,

பாம்பனில் என் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. வருஷம் முழுக்க அதில் ரீசார்ஜ் விலையும், டெம்பர் கிளாஸ் ஒட்டித் தரப்படும் என்ற விளம்பரமும்தான் இருக்கும். டிசம்பர் 31 சாயங்காலம் மட்டும் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, அந்த ஆண்டு வெளிவந்த இசைத் தொகுப்புகளில் எனக்குப் பிடித்த பத்தை எழுதுவேன். கடை கேசட் ரெக்கார்டிங் சென்டராக இருந்த 1991இல் தொடங்கிய வழக்கம். இரவுப் பூசைக்குப் போகிறவர்கள் நின்று படிப்பார்கள், திட்டுவார்கள். சாக்பீஸைப் பிடுங்கி இடம் மாற்றி எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு.

பட்டியலுக்கு ஒரு விதி இருக்கிறது. தொகுப்பின் பெயருக்குக் கீழே இரண்டாவது வரி ஒன்று வரும். இசை யார், எழுதியவர் யார், பாடியவர் யார், முக்கியமான வாத்தியத்தை வாசித்தவர் யார். அந்த வரியை நிரப்ப முடியாத தொகுப்பைப் போர்டில் ஏற்றுவதில்லை என்று இருபது வயதுத் திமிரில் வைத்த விதி. 2024 பட்டியலில் அது உடைந்தது. உடைத்தது நீங்கள். அதனால்தான் இந்த மடல்.

பட்டியலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காது இல்லாதவன் புலம்புகிறான் என்று நினைப்பீர்கள். கோவிந்த் வசந்தாவின் 'மெய்யழகன்' இரண்டாவது. சந்தோஷ் நாராயணனின் 'வாழை', ஷான் ரோல்டனின் 'லப்பர் பந்து', ஜி.வி. பிரகாஷின் 'தங்கலான்', இளையராஜாவின் 'ஜமா' எல்லாம் அதற்குக் கீழே. "மச்சான், தங்கலானை அஞ்சாவதா போட்டிருக்கியே, காதுல உப்புத்தண்ணி ஏறிருச்சா?" என்று ஒரு விசைப்படகு டிரைவர் அரை மணி நேரம் சண்டை போட்டார். பத்துக்கு வெளியே ஓரமாக 'கொட்டுக்காளி' என்று எழுதி, பக்கத்தில் 'இசை: இல்லை' என்று போட்டேன். பின்னணி இசையே இல்லாமல் வந்த படம் அது. நாலு பேர் சிரித்தார்கள், ஒரு வாத்தியார் மட்டும் கை கொடுத்தார்.

இசையே இல்லாத படத்துக்குக்கூட 'இல்லை' என்று என்னால் நேர்மையாக எழுத முடிந்தது. முதலிடத்தில் எழுதிய தொகுப்புக்கு இரண்டாவது வரியை எழுத முடியவில்லை.

அந்தத் தொகுப்பின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த இசையமைப்பாளர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, பாட்டு அருமையான பாட்டு. அவர் பெயரைச் சொன்னால் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொள்வார்கள், நீங்கள் எல்லோரும் தப்பித்துவிடுவீர்கள்.

நடந்தது இதுதான். 2024 தொடக்கத்தில் அந்தப் படத்தின் இசைக்காக ஓர் உதவியாளர் எங்கள் பக்கம் வந்தார். கடலோரக் கதை, குலவை வேண்டும், அம்பா வேண்டும் என்றார். அம்பா என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற பாட்டு. வலையின் கனத்துக்குத் தகுந்தபடி அடி நீளும், குறுகும். வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரைக்கு நெருங்க நெருங்க வேகம் ஏறும். தாளத்தை முடிவு செய்வது கடல்தான். ஆண்கள் பாட்டு என்பார்கள். ஆனால் இந்தக் கரையில் அதை முழுசாக நினைவில் வைத்திருப்பவர் கடற்பாசி எடுக்கும் ஓர் அக்கா. அப்பாவோடு வலை இழுக்கப் போய்க் கற்றுக்கொண்டவர். அவரையும் அவரோடு பாசிக்குப் போகும் நாலு பெண்களையும் கூப்பிட்டார்கள்.

பாசி எடுப்பது என்ன வேலை என்று பார்த்திருக்கிறீர்களா? விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு நாளில் எத்தனையோ தடவை. மூச்சை இவர்கள் மாதிரி ஆளத் தெரிந்தவர்கள் உங்கள் ஸ்டுடியோக்களிலும் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத காலம் அது. ஐந்து பேரும் ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போய், அங்கே ரயில் ஏறிச் சென்னைக்குப் போனார்கள். கண்ணாடி அறைக்குள் நிற்க வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மூன்று மணி நேரம் பாட வைத்தார்கள். பேசின சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார்கள், போக வரச் செலவு கொடுத்தார்கள், நல்ல சாப்பாடு போட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று அக்காவே சொன்னார். "பிரியாணியில நெறைய கறி" என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பாட்டு செப்டம்பரில் வந்தது. முதல் 22 நொடிக்கு வேறு எந்த வாத்தியமும் இல்லை, இவர்கள் குரல்தான். மூன்றாவது குரல் கொஞ்சம் கரகரக்கும், அது யார் என்று எனக்குத் தெரியும். கடையில் அந்தப் பாட்டை வைத்தபோது ரோட்டில் போன மீன் வண்டி நின்றது. ஆசையாகச் செயலியில் அந்தப் பாட்டின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். இசையமைப்பாளர் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. ஒரு பாடகர், ஒரு பாடகி, பாடலாசிரியர். முடிந்தது. 'கோரஸ்' என்ற சொல்கூட இல்லை. அக்காவின் அப்பா வலை இழுக்கும்போது பாடிய இரண்டு அடிகளும் கவிஞர் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தன. அவராகக் கேட்டிருக்க மாட்டார். 'எழுதியவர்' என்று ஒரு கட்டம் இருந்திருக்கும், யாரோ நிரப்பியிருப்பார்கள்.

டிசம்பர் 31 ராத்திரி அந்த அக்கா வந்து போர்டைப் பார்த்தார். படிக்கத் தெரியாது, பக்கத்தில் இருந்த பெண் படித்துக் காட்டினாள். "எங்க பேரு எங்க தம்பி?" என்றார். எனக்குத் தெரிந்த பெயர்கள்தானே, அங்கேயே ஏறி நின்று ஐந்தையும் எழுதினேன். கடைசிப் பெண், இருபது வயது இருக்கும், அதைப் போட்டோ எடுத்தாள். அப்புறம் தன் போனில் அந்தப் பாட்டைத் திறந்து எனக்கு நேராக நீட்டினாள். "போர்டுல இருக்கு, போன்ல இல்லையேண்ணே. போர்டை நீங்க நாளைக்கு அழிச்சிருவீங்க."

நான் இன்னும் அழிக்கவில்லை. ரீசார்ஜ் விலையை அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

அவர்கள் ஐந்து பேரையாவது எனக்குத் தெரியும். அதே தொகுப்பின் மூன்றாவது பாட்டில் ஒரு நாகஸ்வரம் வருகிறது. பல்லவி முடிந்து, தவில் இல்லாமல், சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் பின்னால் நிற்க, அரை நிமிஷம் அழுகிற நாகஸ்வரம். அதை வாசித்தவர் மதுரைக்காரரா, மன்னார்குடிப் பக்கமா, உயிரோடு இருக்கிறாரா, அவர் வீட்டில் இந்தப் பாட்டைக் கேட்டார்களா, ஒன்றும் தெரியாது. போர்டில் 'நாகஸ்வரம்' என்று எழுதி, பக்கத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறேன். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் கோடு.

உங்களிடம் கேட்காமல் இல்லை. செயலியின் உதவிப் பக்கத்தில் எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினேன். பாட்டின் விவரங்களை நிறுவனம் அனுப்புகிறபடியே போடுகிறோம், அங்கே கேளுங்கள் என்றார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன். படத் தயாரிப்புத் தரப்பு கொடுத்ததைத்தான் அனுப்பினோம் என்றார்கள். தயாரிப்புத் தரப்பின் எண்ணை ஒருவர் கொடுத்தார். எடுத்தவர், "பாட்டு சம்பந்தமா எல்லாத்தையும் கம்பெனிக்கு வித்தாச்சு சார், அங்கேயே கேளுங்க" என்றார். சரி என்று மறுபடி நிறுவனத்துக்கு எழுதினேன். நவம்பர் முழுக்க பதில் இல்லை. என் கடிதங்கள் கடலில் கரைத்த பெருங்காயம்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னால்தான் புரியும்.

நான் பாட்டைப் பெயரோடு கேட்டு வளர்ந்தவன். எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. தனுஷ்கோடி முனையில் போய் நின்றால் இன்றைக்கும் போனில் அந்த நாட்டு சிக்னல்தான் ஏறும். எங்கள் வீட்டில் இலங்கை வானொலிதான் ஒலிக்கும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பாட்டை மொட்டையாகப் போட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. படம் இது, எழுதியவர் இவர், இசை இவர், பாடியவர்கள் இவர்கள் என்று சொல்லி, கதவைத் திறந்து விருந்தாளியை அழைத்து வருகிற மாதிரிதான் பாட்டை அழைத்து வருவார்கள். என் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. வள்ளத்தில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு வலை பின்னுகிறவர் மருதகாசி வரி எது, பட்டுக்கோட்டையார் வரி எது என்று பிரித்துச் சொல்வார். அந்த அறிவைக் கொடுத்தது அறிவிப்பாளர்கள் சொன்ன பெயர்கள்.

எங்கள் ஜில்லாக்காரர் ராம்நாட் கிருஷ்ணன் பாடிய இசைத்தட்டு ஒன்று 1960களின் கடைசியில் அமெரிக்காவில் வெளியானது. ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு கடல் தாண்டியவர். அந்தத் தட்டில் அவரோடு வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். கஞ்சிரா வரைக்கும் பெயர் உண்டு. நம் சங்கீதம் என்னவென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு, உள்ளங்கை அகல வாத்தியத்தை வாசித்தவரின் பெயரைப் போட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

கேசட் காலத்தில் உறை அட்டைதான் எனக்குப் பள்ளிக்கூடம். 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் அந்த வயலின் வி.எஸ். நரசிம்மன் என்று தெரிந்துகொண்ட நாளில், அதற்கு முன்னால் கேட்ட நூறு பாட்டுகளைத் திரும்பக் கேட்டேன். ஓ, இங்கேயும் இவரா, அங்கேயும் இவரா என்று தேடினேன். 1990களில் ஏ.ஆர். ரகுமான் தன் உறை அட்டைகளில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவாளர்கள் பெயர்களையெல்லாம் அச்சிட ஆரம்பித்தபோது எங்களுக்குத் திருவிழா. புல்லாங்குழல் நவீன், பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ், ஒலிப்பதிவு எச். ஸ்ரீதர். தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு பையன் வருவான். "அண்ணே, கீத் பீட்டர்ஸ் வாசிச்சதா பார்த்து ஒரு 90ல ஏத்திக் குடுங்க" என்பான். கதாநாயகன் யார் என்று அவன் கேட்டதே இல்லை. ஒரு மீனவப் பையனை வாத்தியத்தின் பின்னால் போக வைத்தது பொடி எழுத்தில் அச்சான அந்த அட்டை.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். '90ல ஏத்திக் குடுங்க' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். தொண்ணூறு நிமிஷ பிளாங்க் கேசட்டில் உங்கள் பாட்டைப் பதிந்து விற்றேன். பிறகு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். சட்டப்படி தப்பு. உங்களுக்கு வர வேண்டிய காசு வரவில்லை, கவிஞருக்கும் போகவில்லை. அந்தத் தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கு மாதச் சந்தா கட்டித்தான் கேட்கிறேன். ஆனால் ஒன்று. நான் பதிந்து கொடுத்த ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் நீல மசியில், பாட்டு, படம், எழுதியவர், இசை, பாடியவர் என்று ஐந்து பத்தி கட்டி எழுதினேன். பல ராத்திரி பதிவதைவிட எழுதுவதற்கு அதிக நேரம் ஆனது. திருட்டு கேசட் போட்டவன் எழுதிய பெயரை, உரிமை வாங்கியவர்கள் எழுதவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

பெயர் தொலைவது செயலி வந்த பிறகு பிறந்த வியாதி என்று சொல்லமாட்டேன். இந்தக் கடலோரத்தில் 'இறைவனிடம் கையேந்துங்கள்' தெரியாத வீடு கிடையாது, எந்த மதமாக இருந்தாலும். பாடிய நாகூர் ஹனிபா 1925இல் ராமநாதபுரத்தில் பிறந்தவர் என்று எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. எழுதியவர் அப்துல் சலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? என் கடைக்கு வரும் பாய்மார்களிடமே கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேர்தான் சொன்னார்கள்.

ஆனால் தொலைந்த பெயரைக் கேட்டு வாங்கிய கதையும் இருக்கிறது. 1949இல் 'மஹல்' என்ற இந்திப் படம். 'ஆயேகா ஆனேவாலா' பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று இருந்தது. அது படத்தில் வரும் கதாபாத்திரத்தின் பெயர். வானொலியில் கேட்டவர்கள் யார் இந்தப் பெண் என்று கடிதம் மேல் கடிதமாகப் போட்டார்கள். வானொலிக்காரர்கள் இசைத்தட்டுக் கம்பெனியிடம் விசாரித்து, லதா மங்கேஷ்கர் என்று அறிவித்தார்கள். கேட்டது ரசிகர்கள். அவர்கள் கையில் இருந்தது தபால் அட்டை. எழுபத்தைந்து வருஷம் கழித்து என் கையில் மின்னஞ்சல் இருக்கிறது, பதில்தான் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். ராமநாதபுரம் கோர்ட்டில் இருக்கும் ஒரு வக்கீல் நண்பர் உட்கார்ந்து விளக்கினார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தினார்கள். அதில் வந்த 38பி பிரிவு, நிகழ்த்தும் கலைஞருக்கு 'இதை நிகழ்த்தியவர் நான்' என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைக் கொடுக்கிறது. பயன்படுத்தும் விதத்தாலேயே பெயரை விட வேண்டியிருந்தால் மட்டும் விலக்கு. படித்ததும் எனக்குச் சந்தோஷம். நண்பர், "அவசரப்படாதே, கலைஞர் என்றால் யார் என்று முன்னால் ஒரு வரையறை இருக்கிறது" என்று பக்கத்தைப் புரட்டினார். திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக, போகிற போக்கில் வருவதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் அவர் பெயரைக் குறிப்பிடுவதில்லை என்றால், அவரைக் கலைஞராகவே கருத வேண்டியதில்லையாம். நிகழ்த்தியதைச் சிதைக்கக் கூடாது என்ற ஒரு பாதுகாப்பு மட்டும் மிச்சம்.

அதாவது, பெயர் கேட்க ஒருவர் கலைஞராக இருக்க வேண்டும். கலைஞராக இருக்கப் பெயர் போடுகிற வழக்கம் இருக்க வேண்டும். அந்த வழக்கம் யார் கையில் இருக்கிறது? உங்கள் கையில். முதல் 22 நொடியைத் தோளில் தூக்கிய குரல்கள் 'போகிற போக்கில்' வந்தவையா என்று எந்த நீதிபதி முன்னாலும் போட்டுக் காட்டத் தயார். ஆனால் பாசி எடுக்கும் பெண்களைக் கோர்ட்டுக்கு அலைய விட நான் விரும்பவில்லை. இன்னொன்றையும் நண்பர் காட்டினார். அதே சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவின் மேலும் உறையின் மேலும் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், வெளியான ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. அதை மட்டும் நீங்கள் மறந்ததே இல்லை. ஒவ்வொரு தொகுப்பின் கீழேயும் உங்கள் பெயர் இருக்கிறது, ஆண்டோடு.

உங்கள் பக்கத்துப் பதில்கள் எனக்குத் தெரியும். போன் திரை சின்னது, அத்தனை பெயருக்கு எங்கே இடம் என்பீர்கள். கேசட் அட்டை அதைவிடச் சின்னது. யார் பார்க்கிறார்கள் என்பீர்கள். நான் பார்க்கிறேன். போர்டுக்கு முன்னால் சண்டை போட்ட அந்த டிரைவர் பார்க்கிறார். படத்தின் கடைசியில் எல்லாப் பெயரும் ஓடுகிறதே என்பீர்கள். தியேட்டரில் அந்தப் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும்போது கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் பார்த்தால் பெயர்கள் மூலையில் சுருங்கி அடுத்த படம் வந்து நிற்கிறது. ஆனாலும் இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை ஒத்துக்கொள்கிறீர்கள். பெயர்களை யாரோ ஏற்கெனவே சேகரித்துத் தட்டச்சும் செய்திருக்கிறார்கள். அதைப் பாட்டோடு அனுப்ப என்ன தடை? ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு கொடுக்கிறீர்கள், காசுக் கணக்கு தவறக் கூடாது என்று. பாட்டோடு போகும் விவரக்கோப்பில் யார் என்ன வாசித்தார் என்று எழுதவும் கட்டங்கள் இருக்கின்றன. உலகம் முழுக்க அதற்கென்று பொது முறையே வைத்திருக்கிறார்கள். கட்டம் காலியாக இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இன்னொரு சின்னக் குறை, வந்ததோடு சொல்லிவிடுகிறேன். தொகுப்பு என்பதே இப்போது கையில் நிற்பதில்லை. ஒரு பாட்டு ஜூனில், ஒன்று ஆகஸ்டில், படத்தில் வந்த ஒரு பாட்டு தொகுப்பிலேயே இல்லை, அப்புறம் பின்னணி இசை என்று தனியாக ஒன்று. 2024இல் ஒரு செயலி கடையைச் சாத்தியது. அதில் நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த பட்டியல்கள் அதோடு போயின. என் பீரோவில் இருக்கும் கேசட்டுகளை வெளியிட்ட கம்பெனிகளில் பாதி இப்போது இல்லை. டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது. அட்டையில் பெயர்கள் மட்டும் படிக்கிற மாதிரி இருக்கின்றன.

எனக்கு வேண்டியது என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

இசை நிறுவனத்தாரே, ஒரு பாட்டை வெளியிடும் முன்னால், அதில் பாடிய, வாசித்த எல்லோருடைய பெயரையும், யார் என்ன செய்தார் என்ற விவரத்தோடு வாங்குங்கள். அந்தத் தாள் வராமல் பாட்டை ஏற்ற மாட்டோம் என்று தயாரிப்பாளரிடம் சொல்லுங்கள். போஸ்டரும் டிரெய்லரும் வராமல் நீங்கள் ஏற்றுவதில்லையே. பெயரைத் தமிழில் வாங்குங்கள், அவரவர் எழுதுகிறபடி, எழுதத் தெரியாதவராக இருந்தால் அவர் சொல்கிறபடி. அம்பாவோ ஒப்பாரியோ தாலாட்டோ, ஊரில் இருந்து எடுத்த அடிகள் பாட்டில் இருந்தால் 'மரபுப் பாடல்' என்று எழுதி, பாடிக் கொடுத்தவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். கவிஞர் பெயர் அதனால் குறைந்துவிடாது.

செயலிக்காரர்களே, அந்தப் பெயர்களைப் பாட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரே தொடுதலில் தெரிகிற மாதிரி வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் தெரிய வேண்டும். எங்கள் ஆட்கள் பாட்டு கேட்பது நடுக்கடலில், முன்னாலேயே போனில் இறக்கி வைத்துக்கொண்டுதான். ஒரு பெயரைத் தட்டினால் அவர் வாசித்த மற்ற பாட்டுகள் வரட்டும். தங்கச்சிமடத்துப் பையன் அன்றைக்கு என்னிடம் கேட்டது அதைத்தான். தப்பைத் திருத்தச் சொல்லி எழுதினால் படிப்பதற்கு ஒரு மனிதரை வையுங்கள். முப்பது நாளில் அவர் பெயரோடு பதில் வர வேண்டும்.

பழைய தொகுப்புகளை எல்லாம் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். 2024இல் வந்தவற்றில் இருந்து ஆரம்பியுங்கள். உறை அட்டை வேண்டுமென்றால் என் பீரோ திறந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பக் காசு கேட்க மாட்டேன்.

அப்புறம் அந்த ஐந்து பெயர்கள். அவர்கள் சம்மதத்தோடு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, எந்தப் பாட்டு, எந்த நொடி என்ற குறிப்போடு, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கும் செயலிக்கும் இந்த வாரம் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஏப்ரல் 15இல் எங்களுக்குத் தடைக்காலம் தொடங்குகிறது. அறுபத்தொரு நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும், கடைத் திண்ணையில் கூட்டம் நிற்கும், அந்தப் பாட்டும் ஓடும். அதற்குள் அந்த ஐந்து பெயர்களும் செயலியில் ஏறியிருக்க வேண்டும். நாகஸ்வரம் வாசித்தவர் யார் என்ற பதிலும் எனக்கு வந்திருக்க வேண்டும். போர்டில் கோட்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு பழைய கேசட் கடைக்காரன்
ஜனவரி 2025